எழுத முடியவில்லை

சோதனைக் கணினியின் திரையில் வந்த முதல் வரியிலேயே தேதி எட்டு வருடம் பின்தங்கியிருந்தது. டிஸ்க்கோ அன்று காலைதான் உறை பிரித்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். டிஸ்க்கில் எழுதுவதைக் கவனிக்கும் நிரலின் செய்திகளைத் திருத்துவது அந்த வார வேலை. எந்த டிஸ்க், எந்த இடம், எது எழுதப்படவில்லை என்று நிரல் இனி தெளிவாகச் சொல்ல வேண்டும்.

"பழைய செய்தியைப் பாத்தீங்களாண்ணா? 'ஏதோ பிழை'யாம். எழுதுனது இன்ஜினியரா, ஜோசியரா?" அடுத்த மேசைப் பெண் சிரித்தாள். எந்தத் தவறும் அவளிடம் தப்பாது என்பதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை. "அதையும் ஒரு தடவைக்கு மேல காட்டாம வாயை அடைச்சிருக்காங்க. யாருண்ணா அந்தப் புண்ணியவான்?"

"தெரியலைம்மா. ரொம்பப் பழசு."

நாக்கு கூசியது. அடைத்தவர் அவர்தான். எச்சரிக்கைகள் திரையை நிறைக்கின்றன என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தபோது செய்தது. பிறகு, எட்டு வருடத்துக்கு முன், ஒரு மருத்துவமனையின் டிஸ்க் சத்தமில்லாமல் எழுத மறுத்தது. ஒரு பெண்ணுக்கு எந்த மருந்து ஆகாது என்ற குறிப்பு பதிவாகவில்லை. அதே மருந்தைப் போட்டார்கள். உடல் தடித்து, தொண்டை அடைத்து இறந்தாள். புகார் அவரிடம்தான் வந்தது. 'டிஸ்க் பழுது' என்று எழுதி மூடினார். அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டார். தூங்கவும் செய்தார்.

ஏசியின் இரைச்சலுக்கு அடியில், தகரத்தை நகத்தால் தேய்ப்பதுபோல ஒரு சுரண்டல் மெல்ல எழுந்தது. கூடவே மருந்து நெடி. திரையில் அடுத்த வரி.

'எழுத முடியவில்லை: இந்த மருந்து ஆகாது. மீண்டும் முயல்கிறது.'

டிஸ்க்கை உருவி மேசையில் வைத்தார். சுரண்டல் நிற்கவில்லை.

'டிஸ்க் இல்லை. மீண்டும் முயல்கிறது.'

"என்னண்ணா, திருத்துன செய்தி வருதா?" சல்லடை எழுந்து வந்தாள்.

சொல்லிவிடலாம். நான்தான் என்று. இப்போதே.

வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

'இடம் கிடைத்தது. எழுதப்படுகிறது.'

சட்டைக் கைக்குள் சுரீரென்றது. மணிக்கட்டிலிருந்து சிவந்த தடிப்புகள். வரிவரியாக. இடமிருந்து வலமாக. ஒவ்வொரு வரிக்கும் தொண்டை ஒரு சுற்று இறுகியது.

அவள் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, திரையை மட்டும் படித்தாள்.

"அட, இப்பதாண்ணா தெளிவா இருக்கு."

வரிகள் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தன.