மூன்று கோடுகளுக்குப் பின்னால்

காலை ஏழு மணி. சபேசன் இரண்டு முறை இமைத்தான். அடுக்களையில் காபி இறங்கியது. மறுபடி இமைத்தான், குளியலறையில் வெந்நீர் விழுந்தது. கையால் தொட்டு வேலை வாங்கி அவனுக்குப் பதினொரு வருடம் ஆகிறது.

2093-இல் எல்லோர் விழியிலும் ஓர் இமைத்திரை உண்டு. அதில் மிதக்கும் பட்டியலைப் பார்த்து இமைத்தால் போதும், காரியம் நடக்கும். அந்தப் பட்டியலை அடுக்கித் தருவதுதான் சபேசனின் உத்தியோகம். வெயிலில் கண்மணி சுருங்கினால் பட்டியலும் சுருங்கும். கண் கலங்கினால் எழுத்து பெரிதாகும், பொத்தான்கள் குறையும். தொண்ணூறு நாள் தீண்டாதவை, திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் மூன்று கோடுகளுக்குப் பின்னால் மடிந்துகொள்ளும். எல்லாம் அவன் யோசனை. கம்பெனி பதக்கம் கொடுத்தது.

போன மாதம் அப்பா தர்மலிங்கம், தான் தங்கியிருந்த முதியோர் கோபுரத்தின் பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்.

"டேய், கண்ணுல உன் பேரு இருந்துச்சுல்ல, அதைக் காணோம்டா."

"மடிஞ்சிருக்கும்ப்பா. தொண்ணூறு நாளா நீங்க கூப்பிடல."

"நீதான் மீட்டிங் மீட்டிங்னு எடுக்கறதே இல்லையே. எத்தனை தடவைடா கூப்பிடறது?"

"மேல மூணு கோடு இருக்கும் பாருங்க. அதுக்குள்ள இருப்பேன்."

"விபூதிப் பட்டையாட்டம் இருக்கே, அதா?"

"அதேதான். வெச்சுடட்டுமாப்பா? மீட்டிங்."

"பாத்தியா!" என்று சிரித்தார் அப்பா.

இன்று காபி பாதியில் இருக்கும்போது கோபுரத்துப் பணியாள் பிலோமினா அழைத்தாள்.

"தம்பி... அப்பா விடியக்காலைல போயிட்டாருப்பா. தூக்கத்துலயே."

சபேசன் காபியைக் கீழே வைத்தான்.

"உங்க பேரைத் தேடிக்கிட்டே இருந்தாரு. நேத்து சாயங்காலம்தான் சிக்குச்சு. 'புடிச்சுட்டேன் பய புள்ளைய'ன்னு ஒரே சந்தோஷம். நீங்க எடுக்கல. என்னை வெளிய போகச் சொல்லிட்டு நாலு நிமிஷம் பேசிப் பதிஞ்சு வெச்சாரு. கேட்டீங்கல்ல?"

கேட்கவில்லை. வந்ததே தெரியாது. அவன் பட்டியலிலும் அப்பா மடிந்து போயிருந்தார். மடிந்தவர்களின் அழைப்பு கண்ணை உறுத்தக்கூடாது என்பதும் அவன் போட்ட விதிதான்.

மூன்று கோடுகள். 'மற்றவை'. 'உறவுகள்'. 'பழையவை'. தான் போட்ட பாதையில் தானே இரண்டு முறை வழி தவறினான். கடைசி மூலையில் இருந்தது: அப்பா, ஒரு புதிய செய்தி.

பார்த்து இமைத்தான். குறுக்கே ஓர் அறிவிப்பு எழுந்தது. கண் நிரம்பி இருந்ததால் எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். 'அன்புடையீர், இந்த' என்பதற்கு மேல் திரை கொள்ளவில்லை. கீழே பச்சையில் ஒரே பொத்தான்: 'சரி'.

அறிவிப்பை எவன் படிக்கிறான்? பத்தாயிரம் பேரிடம் சோதித்து, யாரும் படிப்பதில்லை என்று கண்டுபிடித்தவனே அவன்தான்.

இமைத்தான். மூலை காலியானது.

புறங்கையால் கண்ணைத் துடைத்தான். திரை தெளிந்து விரிந்தது. 'கடைசியாகச் சம்மதித்தவை' என்பதைத் திறந்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அறிவிப்பை முழுவதும் படித்தான்.

'அன்புடையீர், இந்த இணைப்பின் உரிமையாளர் இன்று காலமானார். அவர் விட்டுச்சென்ற செய்தி நிரந்தரமாக அழிக்கப்படும். அழிக்கும் முன் கேட்க விரும்பினால், மேலே உள்ள மூன்று கோடுகளைப் பார்க்கவும்.'