மாதிரி லயத்து ஆட்கள்

முதல் அழைப்பை யாரோ எடுத்துவிட்டார்கள். எடுக்கவே முடியாது என்பது ஜெஸீமாவுக்குத் தெரியும். அது அவள் கற்பனையாகப் போட்ட எண். அழைப்பு அவளுடைய கணினியை விட்டு வெளியே போகவே இல்லை.

பண்டாரவளையில், மரக்கறிக் கடைக்கு மேலே இருந்த அறையில் அவள் தனியாக வேலை செய்துகொண்டிருந்தாள். மண்சரிவு அபாயம் வந்தால் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தானாகவே போன் போட்டு, உடனே வெளியேறுங்கள், வெளியேறியதும் ஒன்றாம் எண்ணை அழுத்துங்கள் என்று சொல்லும் ஒரு மென்பொருளைச் சோதிப்பதுதான் வேலை. நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்று தன் ஆட்களின் உண்மையான விபரங்களைக் கொடுத்திருந்தது. அதைப் போட்டே சோதிக்கச் சொன்னார் முதலாளி புவாத். அவள் மறுத்துவிட்டாள். போன மழையில் சொந்தங்களை மண்ணுக்குக் கொடுத்த சனம். சோதனைக்கு ஒரு போன் போனாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஆகவே இல்லாத ஒரு லயத்தை உண்டாக்கினாள். பேர், வயது, எண். மாரிக்கண்ணு, ஐம்பது. தவமலர், முப்பது. தவமலரின் பிள்ளை, மூன்று வயது.

வெளியே மழை இல்லை, பின்னேரப் பனிமூட்டம் மட்டும்தான். ஆனால் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, அதற்கு அடியில் யாரோ புகையில் இருமினார்கள், அதற்கும் அடியில் மலை மெதுவாகப் பல்லைக் கடிப்பதுபோல ஒரு நறநறப்பு. கீழே கடையிலிருந்து எப்போதும் வரும் லீக்ஸ் தாளின் வாசம் போய், அறையில் வெட்டிய மண்ணின் வாசம் நின்றது.

அவள் புவாத்துக்குப் போன் எடுத்தாள். அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

"நானா, சாம்பிள் டேட்டாவில இருந்து ஆள் சத்தம் கேக்குது."

"எங்கயாவது லைன் மாறி விழுந்திருக்கும். அத அழிச்சிட்டு மெய்யான டேட்டாவப் போடுங்க."

"அழிச்சா?"

"இல்லாத ஆக்கள்தானே, ஜெஸீமா."

அவள் அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான்.

"அம்மா," என்றது ஹெட்செட்டுக்குள் ஒரு பெண் குரல். "வெளிய வரச் சொல்றீங்க. நாங்க எங்கங்க போறது? போறதுக்கு எடம் ஒண்ணும் போடலையே நீங்க."

உண்மைதான். பட்டியலில் அப்படி ஓர் இடம் போடவில்லை.

"இங்க வாங்க," என்றாள் ஜெஸீமா. வழி கேட்டவருக்குச் சொல்வதுபோல, யோசிக்காமல்.

ஹெட்செட்டுக்குள் மழை நின்றது. யாரோ ஒன்றை அழுத்தினார்கள். ஒரு பீப். இன்னொன்று. பிறகு எல்லா எண்களிலிருந்தும், ஒன்றின் மேல் ஒன்றாக.

அதோடு தெருவின் சத்தமும் அடங்கியது. பஸ் இல்லை. கடைக்காரரின் குரல் இல்லை.

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

பனி. பனிக்குள் ஆட்கள். ரோடு நிறைய. சேற்றுக் கால்கள். தலையில் மூட்டைகள். ஒரு பெண்ணின் இடுப்பில் சின்னப் பிள்ளை. எல்லோரும் ஒன்றாகத் தலையை நிமிர்த்தினார்கள்.

பேர் கொடுத்திருந்தாள். வயது கொடுத்திருந்தாள். முகம் கொடுக்கவில்லை.

பிள்ளை, வழுவழுவென்று ஒன்றுமில்லாத அந்தத் தோலை அவள் பக்கம் உயர்த்தி, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.