தாழைமுனையைத் திருடியது யார்?

உலகத்தில் உள்ள அறிவு மொத்தமும் ராயபுரம் மேம்பாலத்துக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிப் படிக்கப் போனவன் எவனும் உருப்பட்டதாக மனித சரித்திரத்தில் ஆதாரம் இல்லை.

இப்படி அறிவித்தவன் பாஸ்கர். வயது இருபது.

அறிவித்த இடம், காசிமேட்டில் ஃபவாஸின் ஜெராக்ஸ் கடை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓடாத ஏசி. அறிவித்த முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"தாழைமுனையாம்... தாழைமுனை! ஊரா அது? ஒரே பஸ்ஸு. அதுவும் டிரைவருக்கு மூடு இருந்தாதான். அந்தி சாஞ்சா ஊரு நாய்ங்க கைல. ஆஸ்டல்ல மூணு வேளையும் சாம்பாரு. கடலை ஒட்டிகினு உக்காந்து சாம்பாரு மாமு! இன்னா அநியாயம்!"

"நீ போய்ப் பாத்தியா?" என்றான் ஃபவாஸ், பேப்பர் கட்டைப் பிரித்தபடி.

"நானா? நான் பாரிமுனையையே தாண்டினது இல்ல. தாண்டற அவசியம் இன்னும் வரல."

"அப்போ எப்படித் தெரியும்?"

"படிச்சவன் கேக்கற கேள்வியாடா இது? அறிவு மாமு... அறிவு!"

அடுத்த விநாடி...

'வீல்' என்று ஓர் அலறல்!

முதல் கம்ப்யூட்டர். மலர்!

பாஸ்கரின் அக்கா மகள். இந்த வருடம் ப்ளஸ் டூவில் பேட்டையையே அண்ணாந்து பார்க்க வைத்தவள். இப்போது நாற்காலியிலிருந்து எழுந்து, மானிட்டரை விரலால் சுட்டிக்கொண்டிருந்தாள்.

"போச்சு... என் சீட்டு போச்சு!"

ஃபவாஸ் பாய்ந்து வந்து திரையைப் பார்த்தான். கலந்தாய்வு இணையதளம். அதில் சிவப்பு எழுத்து.

'உங்கள் விருப்பப் பட்டியல் பூட்டப்பட்டது.'

"பூட்டிட்டியா? நல்லது தானே?"

"நான் பூட்டல அண்ணா! இப்பதான் உள்ளயே வர்றேன்! மொதல் பேரைப் பாரு!"

பார்த்தான்.

முதல் விருப்பம்: வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி.

தாழைமுனை கடல்சார் பல்கலைக்கழகம்? பட்டியலிலேயே இல்லை. துடைத்து எடுத்திருந்தார்கள்!

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு எல்லாம் முடியுது..." என்றாள் மலர். "அதுக்குள்ள மாத்தலைன்னா நான் ஷேர் ஆட்டோ தான்!"

"ஷேர் ஆட்டோ இன்னா கொறைச்சலு?" என்றான் பாஸ்கர். "ஜன்னலோரம் கெடைச்சா..."

"மாமா!"

"செரி, பேசல."

ஃபவாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான். கடந்த ரம்ஜானுக்கு அடுத்த தெருவில் காணாமல் போன செருப்பு ஜோடியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து அவனுக்குத் துப்பறியும் பழக்கம் உண்டு.

"உன் பட்டியலை மாத்த இன்னா வேணும்?"

"விண்ணப்ப எண். பிறந்த தேதி. பாக்கறதுக்கு அது போதும். மாத்தணும்னா ஓடிபி வேணும்."

"விண்ணப்ப எண் யாருக்கெல்லாம் தெரியும்?"

மலர் திரும்பினாள். ஜன்னலைக் காட்டினாள்.

வெளியே, இருபதடி உயர ஃப்ளெக்ஸ் பேனர்.

'காசிமேட்டின் கலங்கரை விளக்கே!' என்ற தலைப்பில் மலர் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே மதிப்பெண். அதற்குக் கீழே விண்ணப்ப எண். 'பிறந்தநாள் வாழ்த்துகளும்' என்று தேதி, மாதம், வருடம். பேனர் வைத்த மீனவர் சங்கத்தார் எதையும் விட்டு வைக்கவில்லை. ரத்த வகையைக்கூட!

"அட அல்லா..." ஃபவாஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பேனர் வாசகம் எழுதினது எவன்?"

பாஸ்கர் பேனாவை எடுத்து அதன் மூடியை மிகக் கவனமாக ஆராய ஆரம்பித்தான்.

"செரி. ஓடிபி எந்த ஃபோனுக்கு வரும்?"

"நைனா ஃபோனுக்கு. அது... நைனாவோட கடல்ல கீது."

---

மலரின் அப்பா ராமதாஸ், ஃபைபர் படகுக்காரர். விடிவதற்கு முன் போனால் சாயந்தரம்தான் கரை. ஃபோன் அடித்துப் பார்த்தார்கள்.

'நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர்...'

"அங்க மெசேஜு வரும், பேச்சு வராது," என்றாள் மலர். "அதான் நேத்தே சொல்லி அனுப்பிச்சேன். 'நைனா, ஃபோன்ல நம்பர் எதுனா வந்தா உடனே வயர்லெஸ்ல சொல்லு'ன்னு. அப்பால ஷெட்டுக்குப் போய்க் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

ஃபவாஸ் ஷட்டரை இழுத்து இறக்கினான். மூன்று பேர், ஒரு ஸ்கூட்டர். மீன்பிடித் துறைமுக ஏல ஷெட்டுக்குப் பறந்தார்கள்.

ஐஸ் பெட்டி மேல் குந்தியிருந்தார் ஏலக்காரர் பொன்ராஜ். அவர் தலைக்கு மேல் வயர்லெஸ் பெட்டி கரகரத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே... காலைல எங்க நைனா எதுனா நம்பர் சொன்னாரா?"

"சொன்னாரான்னா கேக்கற? மூணு தபா கத்தினாரும்மா! 'ஏழு... நாலு... ஒம்போது... அஞ்சு... மூணு... எட்டு'ன்னு. சங்கரா மீனு கிலோ ஏழு லட்சமாயிடிச்சான்னு எனக்கு நெஞ்சே அடைச்சிகிச்சு!"

"யாரெல்லாம் கேட்டாங்க?"

பொன்ராஜ் கையை அகலமாக விரித்தார்.

"தோ... ஷெட்டு பூரா. அப்பால கடல்ல கீற அத்தினி போட்டும். பழவேற்காடு வரைக்கும் கேட்டிருக்கும். ஏன், இன்னா மேட்டரு?"

மலர் அப்படியே ஐஸ் பெட்டியில் சாய்ந்தாள்.

எவனோ பேனரைப் பார்த்து எண்ணையும் தேதியையும் தட்டியிருக்கிறான். ஓடிபி கடலுக்குப் போயிருக்கிறது. அப்பா அதை ஊருக்கே ஒலிபரப்பியிருக்கிறார்!

சந்தேக நபர்கள்: ஏறக்குறைய வங்காள விரிகுடா.

"போலீசுக்குப் போலாமா?" என்றாள்.

"போனா, 'பட்டியலைக் கடைசியா எங்க வச்ச'ன்னு கேப்பாங்க," என்றான் ஃபவாஸ். "பொன்ராஜ் அண்ணே, அந்த மைக்கைக் குடுங்க."

மலர் மைக்கை வாங்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"நைனா... நைனா... மலரு பேசறேன். கேக்குதா?"

கர்ர்ர்... கர்ர்ர்...

"சொல்லு பாப்பா! பூட்டிட்டியா? சீட்டு கெடைச்சிச்சா?"

"நைனா... நீ நம்பரை இப்டி ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டியே! எவனோ எடுத்து..."

"யாரைப் பாத்து இன்னா பேசற நீ?" வயர்லெஸ் உறுமியது. "முப்பது வருசமா கடலுக்குப் போறேன். தெறந்த மைக்ல எவனாவது நெஜ நம்பரைச் சொல்லுவானா? வூட்டுக் கணக்குலதான் சொன்னேன்!"

ஷெட்டில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நியாயம்தானே!

ஃபவாஸுக்கு மட்டும் புரியவில்லை. "வூட்டுக் கணக்குன்னா?"

பொன்ராஜ் விளக்கினார். "மீன் மாட்ற எடத்தை மைக்ல சொன்னா அத்தினி போட்டும் அங்க வந்து குந்திக்கும். அதுக்கோசரம் ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு கணக்கு. நம்பரை ஏத்தியோ எறக்கியோதான் சொல்லுவாங்கோ. வூட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் நெஜம் தெரியும்."

ஃபவாஸின் கண்கள் மெல்ல விரிந்தன.

"அப்போ... ஏழு நாலு ஒம்போதுன்னு கேட்டவன் அப்படியே தட்டியிருந்தா?"

"தப்புன்னு சொல்லியிருக்கும்," என்றாள் மலர்.

"ஆனா பட்டியலை மாத்திட்டானே! அப்போ திருடனுக்கு உங்க வூட்டுக் கணக்கு தெரியும்!"

வங்காள விரிகுடா ஒரே நொடியில் ஒரு வீடாகச் சுருங்கியது.

"உங்க கணக்கு யார் யாருக்குத் தெரியும் மலர்?"

"நைனா... அம்மா... நானு..." அவள் குரல் இறங்கியது. "போட்ல ஒரு வருசம் போனதால... பாஸ்கர் மாமா."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

பாஸ்கர் நின்றிருந்த இடம்...

காலி!

ஃபோன் அடித்தார்கள். ஸ்விட்ச் ஆஃப்!

"குத்தவாளிங்க மொதல்ல செய்யறதே இதான்," என்றான் ஃபவாஸ், அனுபவஸ்தனைப் போல.

---

வீட்டு வாசலில் புஷ்பவல்லி வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். மலரின் அம்மா. பாஸ்கரின் அக்கா. மார்க்கெட்டில் அவள் ஒரு விலை சொன்னால் மீனே ஒத்துக்கொள்ளும்.

"மாமா வந்துச்சா?"

"இல்லியே. இன்னாத்துக்கு இப்டி மூச்சு வாங்கிகினு வர்ற?"

மலர் கொட்டித் தீர்த்தாள். பூட்டு. பேனர். வயர்லெஸ். வூட்டுக் கணக்கு. தலைமறைவான மாமா.

புஷ்பவல்லி அரிவாள்மணையை நிறுத்தவில்லை.

"அவனா? போடி பைத்தியமே! அவனால எப்டி முடியும்? ஒண்ணு கழிச்சிப் பாத்துட்டு முழிச்சிகினு இருந்திருப்பான். போன வாரம்தான் டீக்கடைல ரவுசு வுட்டுகினு நம்ம கணக்கை ஒளறிட்டான். மறுநாளே வஞ்சிரம் மாட்ற எடத்துல ஆறு போட்டு! அதுக்கோசரம் உங்கப்பன் மாத்திட்டாரு. இப்போ ரெண்டு கழிக்கணும்."

மலர் அம்மாவைப் பார்த்தாள்.

"மாத்தினது... எனக்கே தெரியாதும்மா."

"யாருக்கும் சொல்லல. உன்னாண்ட சொல்ல மறந்துட்டாரு. உங்கப்பனுக்கும் எனக்கும் மட்டும்..."

அரிவாள்மணை நின்றது.

வஞ்சிரத்தின் தலை தனியாக உருண்டு ஃபவாஸின் செருப்பில் முட்டி நின்றது.

"அம்மா...! நீயா?"

தூரத்தில் கன்டெய்னர் லாரி ஹாரன்.

"ஆமா. நான்தான்!" புஷ்பவல்லி நிமிர்ந்தாள். "காலைல ஷெட்டுல மீன் எடுத்துகினே அல்லாத்தையும் ஃபோன்லயே செஞ்சேன். ஃபோன்ல காசு வாங்கிகினு மீன் விக்கிறவளுக்கு ஓடிபி இன்னா பெரிய வித்தையா?"

"ஏம்மா?"

"ஏனா? ஒரே பஸ்ஸாமே! அந்தி சாஞ்சா நாய்ங்களாமே! ராத்திரி காத்து அடிச்சா ஆஸ்டலு கூரை பறக்குமாமே! மூணு வேளையும் சாம்பாராமே! பொண்ணை அங்க தள்ளிட்டு நான் இங்க நிம்மதியா துன்னுவேனா?"

"இதெல்லாம் யார் சொன்னது?"

"பாஸ்கரு! தெனம் சோத்துல கை வைக்கும்போது சொல்லுவான்!"

"அந்தாளு பாரிமுனையே தாண்டினது இல்லம்மா!"

புஷ்பவல்லி தன் தம்பியின் பயண வரலாற்றை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். தண்டையார்பேட்டையோடு முடிந்தது.

மலர் அவள் எதிரில் உட்கார்ந்தாள். இப்போது கத்தவில்லை.

"போன வருசம் முகத்துவாரத்துல நைனா போட்டு கவுந்துச்சே... ஞாபகம் கீதா? ராத்திரி பூரா நீயும் நானும் கரையில நின்னோம். ஒரு அலைக்கு ஏன் அப்டி கவுந்துச்சுன்னு யாரைக் கேட்டாலும் 'விதி'ன்னாங்க. விதி இல்லம்மா. போட்டு செஞ்ச கணக்கு தப்பு. கவுறாத போட்டு எப்டி செய்யறதுன்னு அங்கதான் சொல்லித் தர்றாங்க. ஷேர் ஆட்டோல போனா அது கெடைக்காது."

புஷ்பவல்லி மீன் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு திடீரென்று எழுந்தாள்.

"மணி இன்னா?"

"நாலரை!"

"ஃபவாஸு தம்பி, ஸ்கூட்டரை எடு! குந்திகினு இன்னா வேடிக்கை பாக்கற?"

---

ஷெட்டில் பொன்ராஜ் கையிலிருந்து மைக் பிடுங்கப்பட்டது.

"யோவ்! நான்தான் பேசறேன். இப்போ ஒரு நம்பர் வரும். சீக்கிரம் சொல்லு!"

"நீ எதுக்குடி..."

"அதை அப்பால வூட்ல வந்து கேளு. சொல்லு!"

மலர் தன் ஃபோனில் 'பூட்டைத் திற' என்ற பொத்தானை அழுத்தினாள்.

ஒரு நிமிஷம். பதில் இல்லை. வயர்லெஸ் கரகரத்தது. ஷெட்டில் ஒருவரும் ஏலம் கூவவில்லை. சங்கராவும் கவலையும் பாரையும் கூடையில் காத்திருந்தன.

இரண்டு நிமிஷம்...

மூன்று...

"வந்துச்சு! ஆறு... ஒம்போது... நாலு... எட்டு... அஞ்சு... ஏழு!"

புஷ்பவல்லி கண்ணை மூடினாள். மார்க்கெட் மூளை சுழன்றது. மகளின் காதில் கிசுகிசுத்தாள்.

நாலு, ஏழு, ரெண்டு, ஆறு, மூணு, அஞ்சு.

திறந்தது!

தாழைமுனை முதலிடத்துக்கு ஏறியது. ஷேர் ஆட்டோ கல்லூரி கடைசிக்கு இறங்கியது. மலரின் கட்டைவிரல் நெருங்குவதற்குள் புஷ்பவல்லியே எட்டி, மீன் வாசனையோடு, 'பூட்டு' என்பதை அழுத்தினாள்.

ஷெட் முழுவதும் விசில்!

"நெஜமாவே சாம்பாரு தானா அங்க?" என்றாள் புஷ்பவல்லி, கண்ணைத் துடைத்தபடி.

"இருந்தா நீ கருவாடு கட்டிக் குடும்மா."

---

மலரின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துத் தர ஃபவாஸ் மட்டும் கடைக்குத் திரும்பினான்.

நின்றான்.

முழுசாக இறக்கிவிட்டுப் போன ஷட்டர்... பாதி தூக்கியிருந்தது!

உள்ளே இருட்டில் ஒரு நீல வெளிச்சம். கீபோர்டு தட்டும் ஓசை.

திருடன்!

வாசலில் கிடந்த துடைப்பத்தை ஏந்திக்கொண்டு குனிந்து நுழைந்தான். மூன்றாவது கம்ப்யூட்டர். ஒரு முதுகு.

"யார்றா அது?"

முதுகு துள்ளித் திரும்பியது.

பாஸ்கர்!

"கத்தாத மாமு... கடைசி நாளு, அஞ்சு மணிக்கு முடியுதுன்னு ஓடியாந்தேன்."

ஃபவாஸ் திரையைப் பார்த்தான். துடைப்பம் தானாகக் கீழே விழுந்தது.

பெயர்: பாஸ்கர்.

முதல் விருப்பம்: தாழைமுனை கடல்சார் பல்கலைக்கழகம்.

இரண்டாவது விருப்பம்: இல்லை.

"அக்கா கேட்டா, பாப்பாவுக்குத் துணையா போறான்னு சொல்லு," என்றான் பாஸ்கர், தரையைப் பார்த்தபடி.

"பாப்பா விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே நீ போட்டிருக்கியே மாமு! தேதி இதோ கீது!"

பாஸ்கர் பிரிண்டரை ஆன் செய்தான்.

"அப்பறம் எதுக்குடா அந்த ஊரை இத்தினி நாளா கழுவிக் கழுவி ஊத்தின? உங்கக்கா அதை நம்பி அந்தப் பொண்ணு சீட்டையே தூக்கிட்டாங்கடா!"

பாஸ்கர் ஷட்டர் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினான்.

"நல்ல ஊருன்னு சொன்னா அல்லாரும் அங்கயே போடுவானுங்க மாமு... கட்-ஆஃப் ஏறிடாது?"