பதினோரு நிமிடம் முன்னால்

காப்பு சர்வரிலிருந்த கடைசி நகலில் ஆறு பதினாறு என்று நேரம் பதிவாகியிருந்தது. தமியானாவின் கைபேசியில் மணி ஆறு ஐந்துதான்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகரத்தின் மறுகோடியில், பூட்டிய அறைக்குள் இருக்கும் அந்தக் காப்பு சர்வர் எதோடும் ஒட்டாத பிறவி. அலுவலகக் கணினிகளுக்குள் திருடர்கள் நுழைந்து எல்லாவற்றையும் அழித்தாலும் அது மட்டும் பிழைக்க வேண்டும் என்று தனியே வைத்திருந்தார்கள். அது அவளுடைய கணினி ஒன்றைத்தான் நம்பும். அவள் மின்கையொப்பமிட்ட ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பைத்தான் ஓட்டும். தனியாகக் கிடக்கும் இயந்திரத்தின் கடிகாரம் கொஞ்சம் முன்னே பின்னே ஓடுவது வழக்கம்தான்.

ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்துப் பணி எப்போதும் கிறிஸ்தவர்கள் தலையில்தான் விழும். அலெக்ஸாண்டிரியாவே வீட்டுக்குள் போய்விட்டது. டிராம் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை, கீழே காப்பிக்கடையில் டோமினோ காய்களை அறையும் சத்தம்கூட இல்லை; எதிர்வீட்டுத் தட்டுகளில் கரண்டி படும் ஒலியும் வறுத்த வெங்காய வாசனையும் மட்டும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, இந்த ஆறு மாடிக் கட்டடத்தில் தான் ஒருத்திதான் மிச்சம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

அவள் ஓட்டியிருந்த சோதனை ஸ்கிரிப்ட் தன் கடைசி வேலையைச் செய்தது. நகல் பழுதில்லை என்று காட்ட, அதைத் திறந்து வைத்தது. இந்த அறையின் கேமரா நிமிடத்துக்கு ஒன்றாக எடுக்கும் படம். இதே நாற்காலி. இதே நீல ஸ்வெட்டரில் அவள். பின்னால் கதவு திறந்திருந்தது.

திரும்பிப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது.

உடன் வேலை செய்யும் ஷவ்கியைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"என்னம்மா, சூப்பு இன்னும் தொண்டையில இறங்கல, அதுக்குள்ளயா?"

"சர்வர் கடிகாரம் பதினோரு நிமிஷம் முன்னாடி ஓடுது ஷவ்கி."

"அட போம்மா! மத்தியானம் நானே நேர்ல போய் சரி பண்ணிட்டு வந்தேன். ஒரு நொடி பிசகாது. கத்தாயிஃப் இனிப்பு எடுத்து வைக்கவா, இல்ல உன் தவக்கால நோன்புக்கு நெய் ஆகாதா?"

"எனக்குப் பயமா இருக்கு. கிளம்பி வாயேன்."

அவன் சிரிப்பு நின்றது. "அரை மணி நேரத்துல அங்க இருப்பேன்."

அரை மணி நேரம். ஆறு பதினாறுக்கு இன்னும் ஏழு நிமிடம்தான் இருந்தது.

ஓடிவிடலாம் என்று கதவருகே போனாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம். மாடிப்படி ஏறி வந்த ஆள்போல. தாழ்ப்பாளைப் போட்டாள்.

அந்தப் படத்தை அழித்துவிட்டால்? படம் இல்லாவிட்டால் நடக்காதோ என்னவோ. அழிக்கச் சொல்லி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள், கையொப்பமிட்டாள், அனுப்பினாள்.

அனுமதி இல்லை.

இங்கிருந்து நுழையும் பயனர் கணக்கால் அங்கே இருப்பதைப் பார்க்க மட்டும்தான் முடியும். எதையும் அழிக்க முடியாது. பாதுகாப்புக்காக அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

ஆறு பதினைந்து. சோதனை ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள். பார்க்க மட்டும்தானே முடியும்.

ஆறு பதினாறு.

தாழ்ப்பாள் தானாக விலகியது. அவள் திரும்பவில்லை. கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டது. திரையில் புதிய படம் மெல்ல இறங்கியது. அதில் ஆறு இருபத்தேழு என்று நேரம் பதிவாகியிருந்தது.

கதவு ஒழுங்காக மூடியிருந்தது. நாற்காலியில் நீல ஸ்வெட்டர் போட்ட ஏதோ ஒன்று குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தது. கூரை மூலையில், கேமராவை ஒட்டி, தலைகீழாக அவள் முகம். கண்கள் திறந்திருந்தன.