செம்பாறையில் ஒரு ஏக்கர் மண்

செம்பாறைக் குடியிருப்பில் காலை என்றால் முதல் வேலை மண்வாய்க்குப் போவதுதான். எழுந்ததும், முகம் கழுவுவதற்கும் முன்பே, ஆளுக்கொரு கிண்ணத்தோடு சுரங்க வீதியில் வரிசையாக வந்து நிற்பார்கள். கிண்ணத்தில் முந்தைய நாளின் காய்கறித் தோல், சீப்பில் சிக்கிய முடி, வெட்டிய நகம். சுவரில் இருக்கும் வட்டத் திறப்புக்குள் அதைக் கொட்டிவிட்டு, பின்னால் நிற்பவருக்கு வழி விடுவார்கள். குழந்தைக்கு முதல் மொட்டை போட்டால் அந்த முடியும் அங்கேதான் போகும். ஆள் இறந்தால் ஆளும் அங்கேதான் போவார். அதற்குச் சற்றுப் பெரிய திறப்பு ஒன்று, பூமாலை மாட்ட ஒரு கொக்கியோடு, பக்கத்திலேயே இருந்தது.

செவ்வாயில் தூள் உண்டு, மண் இல்லை. சிவப்பாக, மாவு போல, நஞ்சான உப்பு கலந்து கிடக்கும் அந்தச் செந்தூளைக் கழுவிக் கழுவி உப்பைப் பிரிக்கலாம்; அதோடு மண் ஆகிவிடாது. அதில் நுண்ணுயிர் வாழ வேண்டும், பூஞ்சை நூல் ஓட வேண்டும், புழு உழ வேண்டும். அந்த மூன்றும் ஒரே இடத்தில் நிலைத்துவிட்டால் அதற்கு 'உயிர்மண்' என்று பெயர் வைப்பதாகக் குடியிருப்பின் முதல் தலைமுறை தீர்மானம் போட்டது. பெயர் தயாராக இருந்தது. மண்தான் இன்னும் வந்தபாடில்லை.

அதை வரவைக்கும் வேலை கோகிலவாணியுடையது. கண்ணாடிக் கூரையின் கீழ் பரந்து கிடந்த ஒரு ஏக்கர் ஆய்வுநிலத்தை அவளுக்கு முன் அவளுடைய அப்பா பார்த்துக்கொண்டார். இப்போது அவர் அந்த நிலத்தின் வடமேற்கு மூலையில், ஏறக்குறைய ஒரு முழ ஆழத்தில், மற்றவர்களோடு கலந்து இருந்தார். அந்தப் பக்கம் போகும்போது கோகிலவாணி நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவாள். அவ்வளவுதான். துக்கம் என்று எதுவும் இல்லை. அங்கே பிறந்த எல்லோரும் ஒருநாள் போகிற இடம் அது.

அவளுடைய கவலை புழு. பூமியிலிருந்து உறைபெட்டியில் வரும் மண்புழு முட்டைகள் ஒழுங்காகப் பொரிக்கும். குஞ்சுகள் மண்ணுக்குள் இறங்கும். சில நாளில் ஒவ்வொன்றாக மேலே வந்து, விளக்குச் சூட்டில் காய்ந்து, நூல் துண்டு போல் கிடக்கும். உப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்த்தாள். ஈரம், சூடு, தீனி எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாள். மண் துழாவும் சிறு எந்திரங்களை விட்டு அங்குலம் அங்குலமாக அலசினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புழு மட்டும் செத்தது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் அவள் கணவனைக் கேட்டாள். தெய்வசிகாமணி மூன்றாம் சுரங்கத்தின் மூச்சுப்பொறிக்குப் பொறுப்பாளன். வீடு அளவு பெரிதான அந்த எந்திரம்தான் அங்கிருந்த அத்தனை பேருக்கும் காற்றைச் சுத்தம் செய்து தள்ளிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, போன வாரம் உங்க பொறிய நிறுத்தி வச்சிருந்தீங்கல்ல?"

"ஆமா, பேரிங் மாத்துனோம். காலைல நிறுத்திச் சாயங்காலம் ஓட்டிட்டோம். ஏன்?"

"அன்னிக்கு ஒத்தப் புழு மேல வரலீங்க."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "அதுக்கும் இதுக்கும் என்ன அம்மிணி?"

"பொறி ஓடுற அதிர்வு பாறை வழியா என்ற மண்ணுக்குள்ள எறங்குது. புழுவுக்குக் காது இல்ல. உடம்பு பூராத்துலயும் அதிர்வு தெரியும். எதோ நம்மளத் தோண்டித் திங்க வருதுன்னு பயந்துட்டு மேல ஓடியாருது. வந்தா காஞ்சு போவுது."

"அப்ப என்ற பொறிதான் உன்ற புழுவக் கொல்லுதுங்கிற."

"நா அப்படிச் சொல்லுல."

"அப்படித்தான் சொல்ற. சுரங்கம் பூரா மூச்சு விடுறது அந்தப் பொறியாலதான். அதையப் போயிக் கொலகாரன்ங்கிற."

அன்றைக்கு அவன் மோர் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆய்வுநிலத்தின் நடுவில் அவன் குத்தவைத்து உட்கார்ந்திருப்பதைக் கோகிலவாணி பார்த்தாள். எதிரே மண்ணில் ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதில் தண்ணீர். தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் ஓயாமல் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடிக்கொண்டிருந்தன. அவன் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு எழுந்து, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, "நெசந்தான்" என்றான்.

வழி ஒன்று இருந்தது, அதையும் அவனே சொன்னான். பொறியைப் பாறையிலிருந்து கழற்றி, ரப்பர் சுற்றிய எஃகு வடங்களில் ஊஞ்சல் போலத் தொங்கவிட்டால் அதிர்வு கீழே இறங்காது. ஆனால் அந்த வேலை முடிய இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை மூன்றாம் சுரங்கத்தில் காற்று இருக்காது. அங்கே இருப்பவர்கள் மற்றச் சுரங்கங்களுக்குப் போய், ஏற்கெனவே ஆள் நிறைந்த அறைகளில் ஒண்டிக்கொள்ள வேண்டும்.

ஊர்க்கூட்டம் கூடியது. குடியிருப்புத் தலைவர் ராசப்பன் விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் பொதுச் சமையல்கூடத்துப் பாவாயி எழுந்துவிட்டாள்.

"புழுவுக்காக நாங்க வூட்ட வுட்டுப் போவோணுமா? நல்லாருக்குதே கத! மாமியா வூட்டுல மூணு நாள் இருந்தாலே எனக்கு மூச்சு முட்டும்."

கூட்டம் சிரித்தது. ஆனால் எல்லோர் மனதிலும் அதுதான் இருந்தது. சோறு சத்துநீர்த் தட்டுகளில் விளைந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த மண் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

கோகிலவாணிக்கு மேடைப் பேச்சு வராது. புழு அதிக நாள் தாக்குப் பிடித்திருந்த இடத்திலிருந்து ஒரு தட்டு மண் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு கை தண்ணீரைத் தெளித்து, முன்வரிசையில் இருந்த பாவாயியிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்க அக்கா."

பாவாயி மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் குனிந்தாள். அப்புறம் நிமிரவே இல்லை.

"இதென்ன வாசம் அம்மிணி?" குரல் வேறு மாதிரி இருந்தது. "நா எப்பவும் மோந்ததே இல்ல. ஆனா தெரிஞ்ச வாசமாட்டவே இருக்குது."

"மண்ணு வாசமுங்க. மழ பேஞ்சா பூமியில இப்படித்தான் இருக்குமாம்."

தட்டு கை மாறிக் கை மாறிப் பின்வரிசை வரை போனது. வெளியுடை தைப்பவர், பள்ளி ஆசிரியை, பாறை குடையும் ஆட்கள் என்று ஒவ்வொருவராகத் தலை குனிந்து மோந்தார்கள். மழையைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள் அவர்கள். தட்டு திரும்பி வந்தபோது அதில் இருந்த ஈரம் அவர்கள் மூச்சிலேயே பாதி காய்ந்திருந்தது.

"செரி, போயித் தொலையறோம்" என்றாள் பாவாயி. "மாமியா கிட்ட நீங்களே சொல்லீருங்க."

அந்த இரண்டு மாதம் செம்பாறை நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தது. இருவர் அறையில் அறுவர் படுத்தார்கள். குறட்டைக்குச் சண்டை வந்தது. காற்று குறைவு என்பதால் குழந்தைகளை ஓட வேண்டாம் என்று அடக்கி வைத்தார்கள். தெய்வசிகாமணி பொறியறையிலேயே சாப்பிட்டான். வடம் பிடிக்கும்போது விரல் நசுங்கி நகம் ஒன்று போனது. கட்டுப் போட்ட கையோடு வந்து, "உன்ற புழுவுக்கு என்ற நகம்" என்று மனைவியிடம் காட்டினான். கோகிலவாணி சிரித்தாள். உடனே அழுதும் விட்டாள்.

பொறி தொங்கியபடியே ஓடத் தொடங்கிய அன்று அவன் மறுபடி தண்ணீர்த் தட்டோடு நிலத்துக்கு வந்தான். தண்ணீர் கண்ணாடி போல் அசையாமல் கிடந்தது.

அதன்பின் புழு மேலே வரவில்லை. மண்ணைக் கிளறினால்தான் தெரிந்தன, கொழுத்து, இளஞ்சிவப்பாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. மண் உருண்டை உருண்டையாகப் பொலபொலவென்று ஆனது. வெள்ளைப் பூஞ்சை நூல் பரவியது. அறுகம்புல் முளைத்தது. ராகி விதைத்தார்கள்; கதிர் கை விரித்து நின்றது. அறுவடை அன்று குடியிருப்பு முழுவதற்கும் ஆளுக்கொரு எலுமிச்சை அளவு களி கிடைத்தது. ராசப்பன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "இது உயிர்மண்" என்று அறிவித்தார். கூட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கியது. வெறுங்காலில் மண்ணை மிதித்து, கூச்சத்தில் பெரியவர்கள் கூடக் கெக்கலித்தார்கள்.

இவ்வளவு செய்த பெண்ணுக்கு என்ன மரியாதை செய்வது என்று தலைவர் யோசித்தார். சுரங்கத்துக்குள்ளேயே பிறந்து சுரங்கத்துக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு, வானம் தெரியும் இடத்தில் மண்மேல் ஒரு வீடு என்பதைவிடப் பெரிய மரியாதை தோன்றவில்லை.

"வேண்டாமுங்க. வெள்ளாமை பண்ற எடம்" என்றாள் கோகிலவாணி.

"ஒரு ஓரமாத்தானுங்க. உங்களுக்கு மட்டுந்தான்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாடிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதுவும் ஆசைப்பட்டு அவள் பார்த்ததில்லை. "செரிங்க" என்றாள்.

வீடு எழும்பியதும் பாவாயி வந்தாள். சண்டைக்கு இல்லை, நியாயம் பேச.

"நாங்களுந்தான அம்மிணி பாயச் சுருட்டிட்டுப் போனோம்? மாமியா பேச்சக் கேட்டதுக்கு எனக்கு ஒரு மூலை கெடையாதா?"

அதில் தவறு சொல்ல எதுவும் இல்லை. பாவாயிக்குக் கொடுத்தால் அறுவரை ஓர் அறையில் படுக்க வைத்தவர்களுக்கும் கொடுக்க வேண்டும். கூட்டம் போட்டு, யாருக்கும் மனக்குறை வராதபடி நிலத்தை வீட்டுமனைகளாக அளந்து கல் நட்டார்கள். எல்லோருக்கும் சம பங்கு கிடைத்தது. அப்படி ஒற்றுமையாக எந்த வேலையும் செம்பாறையில் அதற்கு முன் நடந்ததில்லை என்று ராசப்பன் பெருமையோடு சொன்னார். ராகிக்கு இடம் இல்லாமல் போனதை ஓரிருவர் கவனித்தார்கள். தட்டுகளில்தான் சோறு விளைகிறதே என்று அவர்களே சமாதானம் ஆகிவிட்டார்கள்.

கோகிலவாணி மண்மேல் வாழத் தொடங்கினாள். நிம்மதியான வாழ்க்கைதான். காலையில் கதவைத் திறந்தால் வெளிறிய சூரியன். வீட்டைச் சுற்றி விட்டிருந்த நாலடி மண்ணில் தண்ணீர் தெளித்தால் அந்த வாசம். தெய்வசிகாமணி வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி, சுண்டல் கொறிப்பான்.

ஒரே ஒரு தொந்தரவு. தெளித்த ஈரம் காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. சுரங்கத்தின் வழுவழுத் தரையில் வளர்ந்த அவளுக்கு ஒரு நாளில் எத்தனை தடவை பெருக்கினாலும் கூடத்தில் தடம் தெரிந்தது. புழுக்களும் சும்மா இருக்கவில்லை. ஈரம் கண்ட இடமெல்லாம் குருணை குருணையாக எச்சம் போட்டு வைத்தன. ஒன்று படியேறிச் சமையலறை வரை வந்துவிட்டது.

"ஏனுங்க" என்றாள் ஒருநாள், முறத்தில் மண்ணை அள்ளிக்கொண்டே. "வாசலுக்கு மட்டும் கொஞ்சம் கல்லுப் பதிச்சுட்டா என்னுங்க? நடக்குற தடத்துக்கு மட்டும்."

"பதிச்சுட்டாப் போச்சு. பாவாயக்கா வூட்டுல சுத்தியும் பதிச்சுட்டாங்க. பளபளன்னு இருக்குது."

"சுத்தியுமா?"

"தடத்துக்கு மட்டும் பதிச்சா ஓரத்துல இருக்குற மண்ணு மறுக்கா கால்லதான ஒட்டும்?"

அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. பாறைத் துண்டுகளை இழைத்துத் தேய்த்த கற்கள் வந்தன. கல் பதிக்கும் எந்திரம் சுவர் முதல் சுவர் வரை இடுக்கில்லாமல் பசை பூசி ஒட்டிவிட்டுப் போனது. கோகிலவாணி ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, வெறுங்காலில் நடந்து பார்த்தாள். குளிர்ச்சியாக, சுத்தமாக, ஒரு தூசி ஒட்டாமல் இருந்தது. அண்டை வீட்டார் எட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். மாதம் திரும்புவதற்குள் கண்ணாடிக் கூரையின் கீழ் ஒரு ஏக்கரும் அப்படியே பளபளத்தது.

இருந்தாலும் வாசல் கொஞ்சம் வெறிச்சென்று இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. பச்சையாக ஏதாவது வைத்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆய்வகத்தில் மிச்சமிருந்த உயிர்மண்ணில் ஒரு தொட்டி நிறைய எடுத்துவந்து, துளசி நட்டு, படியோரமாக வைத்தாள். தண்ணீர் ஊற்றியதும் வாசம் எழுந்தது. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். மனசு நிறைந்திருந்தது.

பிறகு தொட்டியைத் தூக்கி, தரையில் மண் பட்டுவிடாமல் இருக்க, அடியில் ஒரு தட்டு வைத்தாள்.