இரண்டு வீடியோவுக்குத்தான் இடம்

அம்மா அன்று மூன்றாவது தடவையாக ஜஹீராவின் முகத்தில் பவுடர் பூசினார்.

"போதும்மா! மாவு டப்பாவுல விழுந்தவ மாதிரி இருக்கேன்," என்றாள் ஜஹீரா.

"சும்மா இரு. வீடியோன்னா முகம் பளிச்சுனு இருக்கணும்."

ஜஹீராவின் தங்கை நிகத் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பதினோரு வயது. அவள் கையில் எதிர்வீட்டு சிவகுமார் அண்ணனின் செல்போன் இருந்தது. கீழ்க்கட்டளையில் அவர்கள் தெருவிலேயே வீடியோ எடுக்கிற செல்போன் அது ஒன்றுதான்.

கோயம்புத்தூரில் பெண்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. மிக்சி, மோட்டார், மின்விசிறி எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்ய அங்கே கற்றுக்கொடுப்பார்கள். இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு, தன்னைப் பற்றித் தானே பேசும் இரண்டு நிமிட வீடியோவையும் சிடியில் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். செல்போனில் எடுத்தாலே போதுமாம். செவ்வாய்க்கிழமை கடைசி நாள். அன்று ஞாயிறு.

சிவகுமார் அண்ணன் பல்லாவரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தார். போனைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"ரெண்டே ரெண்டு வீடியோவுக்குத்தான் மெமரில எடம் கீது, நிகத்து. ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கினு போவேன். சென்டர்ல சிடி போட்டு, காலைலயே கூரியர்ல அனுப்பிடறேன்."

வீடியோ என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது கல்யாண வீடியோ மட்டும்தான். அதனால் ஜன்னலில் ஜரிகைப் புடவையைத் திரையாகக் கட்டினார். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சாடிகளை வைத்தார். நடுவில் ஒரு நாற்காலி. அதில் பட்டுச் சுடிதாரும் தலை நிறையப் பூவுமாக ஜஹீரா உட்கார்ந்தாள்.

நிகத் போனின் சின்னத் திரையைப் பார்த்தாள். மாலை வெயில் புடவைக்குப் பின்னாலிருந்து பளீரென்று அடித்தது. அதன் முன்னே அக்காவின் முகம் கறுப்பாகத் தெரிந்தது. இத்தனை பவுடரும் வீண்!

எங்கே தப்பு என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மாமா கல்யாணத்தில் வீடியோ எடுத்த ஜீவரத்தினம் அண்ணன், "வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டாதீங்க, முகத்தைக் காட்டுங்க!" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருந்தார். அன்று முழுக்க அவர் பின்னாலேயே சுற்றியவள் நிகத்.

சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.

அக்கா போய்விட்டால் ராத்திரி யார் பக்கத்தில் படுப்பது? யார் தலை பின்னிவிடுவது? கணக்குப் பாடம் புரியாதபோது திட்டாமல் மூன்று தடவை யார் சொல்லிக் கொடுப்பது? வீடியோ நன்றாக வராவிட்டால் அக்கா எங்கும் போகமாட்டாளே.

"ரெடி," என்றாள் நிகத், மெல்லிய குரலில்.

ஜஹீரா பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் போல ஒப்பித்தாள். "என் பெயர் ஜஹீ..." மிச்சத்தை மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் விழுங்கிவிட்டது. நிகத் பிடித்திருந்த போன் ஆடியது. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு பச்சையம்மா ரிப்பேருக்கு ஒரு மிக்சியோடு நேரே உள்ளே வந்து நின்றார்.

"இன்னாமா, கண்ணாலப் பொண்ணு மாதிரி கீறியே! ஏ நிகத்து, நானும் தெரியறனா?" என்று போனைப் பார்த்துக் கையாட்டினார்.

எடுத்ததை ஜஹீரா ஒரு தடவை பார்த்தாள். திட்டவில்லை, கோபப்படவும் இல்லை.

"என் லட்சணம் இவ்வளவுதான் போல, நிகத். விடு," என்று பூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்து மூலையில் போய் உட்கார்ந்தாள். பச்சையம்மாவின் மிக்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திருப்புளி கையில் இருந்தது. ஆனால் திருகாணி இருக்கும் இடம் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

அக்கா அழுவதற்குக் காரணம் தான்தான் என்று நிகத்துக்குத் தெரியும். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

மணி ஐந்தரை. நிகத் விறுவிறுவென்று வேலையில் இறங்கினாள். ஜன்னல் புடவையை அவிழ்த்தாள். ஒரு ஸ்டூலை ஜன்னலுக்கு எதிரே இழுத்துப் போட்டாள்.

"அக்கா, இந்த வெளிச்சத்துல உக்காந்து ரிப்பேர் பண்ணு. இங்கேதான் திருகாணி தெரியும்."

ஜஹீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிக்சியோடு வந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. நிகத் அரிசி டிரம்மின் மேல் பாடப் புத்தகங்களை அடுக்கி, போனை அவற்றின் மீது ரப்பர் பேண்டால் கட்டினாள். இனி ஆடாது.

"அம்மா, ஃபேனை நிறுத்துங்க. சத்தம் கேக்குது. பச்சையம்மாக்கா, வாசல்ல நில்லுங்க. யாரையும் உள்ள விடாதீங்க."

"யாரு வந்தாலும் ஒரே பேஜார் பண்ணிடறேன், நீ பாரு!" என்று பச்சையம்மா இடுப்பில் கை வைத்துக் கதவை மறித்து நின்றார்.

"மறுபடியுமா? எனக்குப் போனைப் பார்த்துப் பேச வரலடி," என்றாள் ஜஹீரா.

"அதைப் பார்க்காதே. என்னைப் பாரு," என்று நிகத் போனுக்குப் பக்கத்திலேயே தலையை வைத்துக்கொண்டாள். அடுத்த விமானம் கடந்து போகும்வரை காத்திருந்து, பொத்தானை அழுத்தினாள்.

"உன் பேரைச் சொல்லிட்டு, இந்த மிக்சிக்கு என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லிக் கொடு."

ஜஹீரா சிரித்துவிட்டாள். பெயரைச் சொன்னாள். மிக்சியின் உள்ளிருந்து கறுப்பாக ஒரு சின்னத் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"இதுதான் கார்பன். இது வழியாத்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். பென்சில் மாதிரி தேஞ்சு போச்சு பாரு. புதுசு போட்டா ஓடும்."

"எல்லாரும் இந்த மிக்சியைத் தூக்கிப் போடச் சொன்னாங்களே?"

"ஆமா. அப்படிச் சொல்றப்பல்லாம், கொஞ்சம் இருங்க, நான் பார்க்கறேன்னு சொல்லணும்னு தோணும். ஆனா எனக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் கத்துக்கணும். அதுக்குத்தான் கோயம்புத்தூருக்கு, உங்ககிட்ட வர்றேன்."

பேசிக்கொண்டே தன் டப்பாவிலிருந்து புது கார்பனை எடுத்துப் பொருத்தி மூடி, சுவிட்சைப் போட்டாள். மிக்சி உர்ரென்று ஓடியது. வாசலில் பச்சையம்மா கைதட்டினார்.

சரியாக ஆறு மணிக்கு சிவகுமார் அண்ணன் வந்தார். "ரெண்டு கீது. எத்த அனுப்பட்டும்?"

"நிகத் சொல்றதை அனுப்புங்கண்ணா. அவதான் எடுத்தா. என்னால என் முகத்தை இன்னொரு தடவை பார்க்க முடியாது," என்றாள் ஜஹீரா.

எல்லோரும் நிகத்தைப் பார்த்தார்கள். 'முதலாவது' என்று சொன்னால் போதும். அக்கா இங்கேயே இருப்பாள். நிகத் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மிக்சி ஓடியபோது வந்த சிரிப்பு அதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ரெண்டாவது," என்றாள். "முதலாவதை அழிச்சிடுங்கண்ணா. இப்பவே."

அவர் அழித்துவிட்டுக் கிளம்பினார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் நிகத் 'ஓ'வென்று அழ ஆரம்பித்தாள்.

ஜஹீரா பதறிப்போய் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன்டி, என்ன ஆச்சு? வீடியோ நல்லா வரலையா?"

"ரொம்ப நல்லா வந்திருக்குக்கா," என்று தேம்பினாள் நிகத். "அதான் அழறேன்!"