ஆறாவது குழி

ஆறாவது குழி ஒளிர்ந்திருக்கக் கூடாது.

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். தட்டின் முதல் ஐந்து குழிகளிலும் பச்சை தெரிந்தது சரிதான். ஒளிரவைக்கும் மரபணுவை நேற்று அவள்தான் அந்தச் செல்களுக்குள் செலுத்தியிருந்தாள். மரபணு தனியாகப் போனால் செல் வாசலிலேயே நிறுத்திவிடும். கொழுப்புத் துளிக்குள் பொதிந்து அனுப்பினால், தன் தோலும் கொழுப்புதானே, நம்ம ஆள்தான் என்று நம்பி உள்ளே விட்டுவிடும். ஆறாவது குழி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானது. அதில் ஊற்றியது வெறும் கொழுப்புத் துளிகளை மட்டுமே. உள்ளே வைத்து அனுப்ப ஒன்றும் இல்லை. அதுதான் மற்ற ஐந்தையும் தூக்கிச் சாப்பிடுவதுபோலப் பளீரென்று எரிந்தது.

கை தவறியிருக்குமோ? பதினோரு வருஷ அனுபவம். குறிப்பேட்டைப் புரட்டினாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கட்டடத்தில் அவளையும் வாயிற்காவலரையும் தவிர ஈ காக்கை இல்லை. அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறை. ஒளிர்வைப் பார்ப்பதற்காக விளக்கை அணைத்திருந்தாள். காற்று வடிகட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருக்க, செல்களை வெதுவெதுப்பில் வளர்க்கும் இன்குபேட்டர் நிமிஷத்துக்கொரு முறை நீளமாகப் பெருமூச்சு விட, ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை, வியர்த்த உடம்பின் வாடை, மெல்லக் கிளம்பிவருவதுபோல் இருந்தது. தன் உடம்புதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருவகையில் அந்தச் செல்களும் அவள்தான். மூன்று மாதத்துக்கு முன் தோல் கொடுப்பதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, கையைப் பிசைந்துகொண்டிருந்த ஆய்வுக்கூடத் தலைவி டாக்டரம்மாவிடம் அவளே முழங்கையை நீட்டினாள். மிளகளவுத் தோல். "உங்களை மாதிரியே இதுவும் படு சுறுசுறுப்பு. லீவு நாள்லகூட வளருது" என்று டாக்டரம்மா கேலி செய்வாள்.

கொழுப்புத் துளி படாத செல்களும் ஒளிர்கின்றனவா என்று பார்த்துவிடலாம். எழுந்து போய் இன்குபேட்டரைத் திறந்தாள். வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. முதுகுக்குப் பின்னால் ஏதோ சத்தம். தரையில் ஒட்டிக்கிடந்த ஈரத்துணியை யாரோ மெதுவாக உரிப்பதுபோல. அசையாமல் நின்று கேட்டாள். உறுமல் மட்டும்தான்.

திரும்பி வந்து குனிந்தாள். ஆறாவது குழி காலியாக இருந்தது.

அடியில் ஒட்டி வளரும் செல்கள் அவை. குலுக்கினாலும் எளிதில் உதிரா. விளக்கைப் போட்டாள். கழுவிவைத்ததுபோல் இருந்தது குழி. அதைச் சுற்றி மேஜையெல்லாம் செல்கள் வளரும் திரவத்தின் இளஞ்சிவப்பு ஈரம். மேஜை விளிம்பிலிருந்து அது தரைக்கு இறங்கியிருந்தது. தரையில் முதலில் வெறும் கோடு. அப்புறம் திட்டு. கதவுக்கு அருகில் போகப் போக அந்தத் திட்டுக்கு விரல்கள் முளைத்திருந்தன.

வெறும் காலின் தடம்.

தன் செருப்பையும் காலுறையையும் கழற்றி, பாதத்தை அதன் அருகே வைத்தாள். அதே நீளம். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீண்டிருந்ததும் அப்படியே.

கதவுக்கு ஓடினாள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த அறைக்கு இரட்டைக் கதவு. வெளிக்கதவு திறந்திருக்கும்வரை உள்கதவு திறக்காது. அவசரப் பொத்தானை அழுத்தினாள். குத்தினாள். அசையவில்லை.

சுவரிலிருந்த உள்தொலைபேசியை எடுத்துக் காவலரை அழைத்தாள்.

"அண்ணே, நான் செல் ரூம்லதான் இருக்கேன். வெளிக்கதவு திறந்து கிடக்கு போல. வந்து சாத்துங்க, சீக்கிரம்."

"யாரும்மா பேசறது?"

"நான்தாண்ணே! கொஞ்சம் முன்னாடி உங்ககிட்டதானே சாவி வாங்கினேன்?"

"அந்த மேடம் இப்பத்தான் என்னைத் தாண்டிப் போனாங்க. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிக்கூடப் பாக்கல." குரல் தடித்தது. "நீ யாரு? உள்ள எப்படி நுழைஞ்ச?"

"அண்ணே, சத்தியமா..."

"அங்கேயே இரு. டாக்டரம்மாவுக்குச் சொல்லிட்டு ஆளோட வர்றேன்."

வைத்துவிட்டார்.

கட்டடத்துக்குப் பின்னால்தான் ஊழியர் குடியிருப்பு. நடந்தால் இரண்டு நிமிஷம். கணவர் வெளியூரில். வீட்டில் ஏழு வயது மகள் மட்டும்தான். அரை மணியில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

குடியிருப்புக்கும் அதே உள்தொலைபேசிதான். வீட்டு எண்ணை அழுத்தினாள், விரல் வழுக்கியது. தப்பு. மறுபடி. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ?"

"கண்ணு, அம்மாடா. யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே. புரியுதா?"

"திறந்துட்டேனே. அம்மா வந்துட்டாங்க."

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாண்டா அம்மா. வெளிய ஓடு. பக்கத்து வீட்டு அத்தைகிட்ட ஓடு!"

"போங்க, பொய். அம்மா குரல் கேட்டுதான் திறந்தேன். இங்கதான் உக்காந்திருக்காங்க. செருப்புகூடப் போடல." ரிசீவர் வாயிலிருந்து விலகியது. "அம்மா, யாரோ உங்களை மாதிரியே பேசறாங்க."

"கண்ணு! ஓடு!"

காலடி. ஈரமான காலடி. நெருங்கி வந்து நின்றது. அப்புறம் ஒரு குரல், தூங்கவைக்கும்போது அவள் பேசும் அதே குரல், குழந்தையிடம் சொன்னது:

"ஜன்னல் திரையை இழுத்துவிடு தங்கம். அம்மா ஒண்ணு காட்டறேன்."

திரை வளையங்கள் சரசரத்தன.

"ஐ! பச்சை!"

அவள் கதறினாள். கதவை உதைத்தாள். தோளால் இடித்தாள். சிவப்பு மாறவில்லை. வயரில் தொங்கிய ரிசீவருக்குள் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, கூச்சம் தாங்காமல் சிரிப்பதுபோல.

"அம்மா, இங்க பாருங்களேன்... என் கையும்!"